சென்சார் சர்க்யூட்டில் இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்சாரை இணைத்தாயிற்று, எண்களும் வருகின்றன, ஆனால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன. மைக்ரோகன்ட்ரோலரை வைத்து எதையாவது அளக்க முயலும் எல்லோருக்கும் வருகிற தொல்லை இது. கீழே உள்ளவை திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள். பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே பிடிவாதம் தெரியும்: இரைச்சல் (அளவோடு கலந்துவிடும் வேண்டாத மின் ஆட்டம்) எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கெபாசிட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

வெப்பநிலை 28.3, 28.8, 28.3 என்று துள்ளிக்கொண்டே இருக்கிறது. இது இரைச்சலா?

அநேகமாக இல்லை. எல்எம்35 என்ற வெப்பநிலை சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ உனோ போர்டில் உள்ள ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட அரை டிகிரி. 58-ஆம் படி என்றால் 28.3, 59-ஆம் படி என்றால் 28.8. இடையில் வேறு எண்ணே கிடையாது. உண்மையான வெப்பநிலை இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஏடிசி இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்லும். ஷீல்டு (கேபிளைச் சுற்றிய உலோக உறை) போட்டாலும் ஃபில்டர் போட்டாலும் இது போகாது. ரெஃபரன்ஸை (ஏடிசி எதோடு ஒப்பிட்டு அளக்கிறதோ அந்த வோல்ட்டேஜை) சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால் ஒரு படி 1.07 மில்லிவோல்ட் ஆகும், துள்ளலும் 0.1 டிகிரிக்கு இறங்கிவிடும். 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது என்பது மட்டுமே இதற்குக் கொடுக்கும் விலை.

ஓரிரு படிக்கு மேல் ஆடினாலோ, அவ்வப்போது திடீரென்று இருபது படி எகிறினாலோ இரைச்சலைத் தேடத் தொடங்கலாம்.

அதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். ஆடுவது சர்க்யூட் இல்லாமல், நீங்கள் அளக்கும் பொருளாகவே இருக்கலாம். ஒளியை அளக்கும் ஃபோட்டோடயோடு சர்க்யூட்டில் 100 ஹெர்ட்ஸ் அலை தெரிகிறது என்று நாள் முழுக்க கிரவுண்டை (சர்க்யூட்டின் சுழிய வோல்ட் இணைப்பை) மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அறை விளக்கே நொடிக்கு 100 முறை மினுங்குகிறது, ஃபோட்டோடயோடு அதை ஒழுங்காக அளக்கிறது. அதன் மேல் கறுப்புத் துணியைப் போட்டுப் பாருங்கள். அலை காணாமல் போனால் உங்கள் சர்க்யூட்டில் குற்றமில்லை.

சரி, இரைச்சல்தான். எங்கிருந்து தொடங்குவது?

சர்க்யூட்டை நடுவில் வெட்டுவதிலிருந்து. சென்சார், கேபிள், ஆம்ப்ளிஃபையர், ஏடிசி, பவர் சப்ளை என்று ஒரு வரிசை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஓடும்போது குற்றவாளி யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் ஏடிசி பின்னை அதற்கு மிக அருகிலேயே ஒரு குட்டை வயரால் கிரவுண்டோடு சேருங்கள். சென்சார் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். எண் சுழியத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் சுழியத்தில் நிற்பது பாதி சாட்சிதான். கீழ் எல்லையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் சிறிய ஆட்டம் தெரியாது, ரெஃபரன்ஸின் ஆட்டமும் சுத்தமாகத் தெரியாது. எனவே அடுத்ததாக ஒரு பேட்டரி செல்லை ரெசிஸ்டர்களால் பிரித்து, ஏடிசி வீச்சின் நடுவே விழும்படி ஒரு வோல்ட்டேஜைக் கொடுங்கள். பேட்டரியில் இரைச்சல் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. அப்போதும் எண் ஆடினால் ஏடிசி, அதன் ரெஃபரன்ஸ், போர்டின் பவர் சப்ளை ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். சென்சாரின் பக்கம் போகவே வேண்டாம்.

அங்கே அமைதியாக இருந்தால் ஒரு படி முன்னே போங்கள். ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டை ஷார்ட் செய்து பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால் கேபிளை மாட்டி, அதன் மறுமுனையில் சென்சாருக்குப் பதிலாக அதே மதிப்புள்ள ஒரு சாதாரண ரெசிஸ்டரை வையுங்கள். இந்த ரெசிஸ்டர் சோதனையைப் பலரும் செய்வதே இல்லை. என் கணிப்பில் இருப்பதிலேயே அதிகம் சொல்லித்தருவது இதுதான். ரெசிஸ்டர் வைத்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் கேபிள்தான் வாங்கி வருகிறது. ரெசிஸ்டர் வைத்ததும் போய்விட்டால் சென்சாரையும் அதைச் சுற்றியுள்ளதையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘கொஞ்சம் பரவாயில்லை போலத் தெரிகிறது’ என்பது அளவீடு ஆகாது. 1000 வாசிப்புகளை எடுத்து அவற்றின் திட்ட விலக்கத்தையும், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதி வையுங்கள். இரண்டுமே வேண்டும். எப்போதாவது எகிறும் கூர்முனைகள் திட்ட விலக்கத்தில் பெரிதாகத் தெரியாது, வித்தியாசத்தில் உடனே தெரிந்துவிடும்.

என்னிடம் ஆசிலாஸ்கோப் இல்லை. கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பகுதி முடியும். உங்கள் ஏடிசியே ஒரு மெதுவான ஆசிலாஸ்கோப்தான். நொடிக்கு 1000 வாசிப்பு வேகத்தில் இடைவெளி பிசகாமல் ஒரு நொடிக்கு எடுத்து நினைவகத்தில் சேர்த்துவிட்டு, பிறகு மொத்தமாகக் கணினிக்கு அனுப்பி வரைபடம் போடுங்கள். எடுக்கும்போதே ஒவ்வொன்றாக அனுப்பினால் இடைவெளி கெட்டுவிடும். நினைவகம் போதாவிட்டால் கால் நொடி எடுத்தாலும் சரி. வரைபடத்தில் அலைகளை எண்ணுங்கள். ஒரு நொடிக்கு 50 என்றால் மின்கம்பியிலிருந்து நேராக வருகிறது (60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 60). 100 என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கமோ (ரிப்பிள்), மேலே சொன்ன விளக்கோ. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, மருந்து வேறு வேறு: 50 என்றால் வயரிங்கையும் ஷீல்டையும் பாருங்கள், 100 என்றால் பவர் சப்ளையையும் விளக்கையும் பாருங்கள். அலையே இல்லாமல் புல் முளைத்தது போல் சொரசொரப்பாக இருந்தால் அதிவேக இரைச்சலோ ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சலோ ஆக இருக்கலாம்.

மல்டிமீட்டரின் ஏசி மில்லிவோல்ட் ரேஞ்சும் ஓரளவு உதவும். ஆனால் சாதாரண மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல. வேகமாக ஆன், ஆஃப் ஆகி வேலை செய்யும் ஸ்விட்சிங் சப்ளையின் இரைச்சல் அவற்றின் கண்ணுக்கே படாது. மீட்டர் சுழியம் காட்டுகிறது என்பதற்காக சப்ளை சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆசிலாஸ்கோப் இருக்கிறது. எங்கே தொட்டாலும் இரைச்சல் தெரிகிறதே?

புரோபின் நுனியை அதே புரோபின் கிரவுண்ட் கிளிப்பில் மாட்டிவிட்டு, அப்படியே சர்க்யூட்டுக்கு அருகே கொண்டுபோங்கள். அப்போதும் அலை தெரிந்தால் நீங்கள் இதுவரை பார்த்தது சர்க்யூட்டை அல்ல. கிரவுண்ட் வயரும் புரோபும் சேர்ந்து ஒரு வளையமாகி, அந்த வளையம் ஆன்டெனா வேலை பார்க்கிறது. நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, புரோப் நுனியைச் சுற்றி மாட்டும் சின்ன ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டை (அதைவிட வேகமான அலைகளை அடக்கும் வசதி) ஆன் செய்யுங்கள்.

இன்னொரு வசதியைப் பலர் தொடுவதே இல்லை: டிரிகர் சோர்ஸை (எதைப் பார்த்துத் திரையில் அலையை வரையத் தொடங்குவது என்பதை) ‘லைன்’ என்று வைப்பது. பல ஸ்கோப்புகளில் இது உண்டு. அப்படி வைத்ததும் அலை திரையில் அசையாமல் நின்றால் அது மின்கம்பியோடு சேர்ந்து ஓடும் இரைச்சல். ஓடிக்கொண்டே இருந்தால் அதற்கும் மின்கம்பிக்கும் சம்பந்தமில்லை, வேறு இடத்தில் தேடுங்கள். பத்து நொடியில் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று: சுவர் பிளக்கில் ஓடும் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு இணைந்தது. அதை மாட்டுவதே ஒரு புதிய கிரவுண்ட் பாதையைத் திறந்துவிடும். ஸ்கோப்பை மாட்டியதும் இரைச்சல் கூடினாலோ குறைந்தாலோ அதையே ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குகிறது. பத்து விநாடிக்கு ஒரு அலை. இது 50 ஹெர்ட்ஸாக இருக்க முடியாது, இல்லையா?

இருக்க முடியும், நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். நொடிக்கு 10 வாசிப்பு எடுக்கிறீர்கள், மின்சாரம் அந்த நேரத்தில் 50.1 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை நீங்கள் எட்டிப் பார்க்கும்போது அலை ஐந்து சுற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கும். ஒவ்வொரு முறையும் அலையின் சற்றுத் தள்ளிய இடத்தைப் பிடிக்கிறீர்கள். அதைக் கோத்து வரைந்தால் 0.1 ஹெர்ட்ஸில், பத்து விநாடிக்கு ஒன்றாக, அழகான மெதுவான அலை வரும். ஏலியாசிங் என்பது இதுதான். அறையின் வெப்பநிலை ஏறி இறங்குவது போலவே இருக்கும். அதற்கு ஏற்றபடி காரணம் சொல்லிக்கொள்ளவும் மனம் தயாராக இருக்கும்.

சோதிக்க எளிய வழி, வாசிப்பு வேகத்தை மாற்றுவது. நொடிக்கு 10-க்குப் பதில் 13 எடுத்துப் பாருங்கள். அதே 50.1 ஹெர்ட்ஸ் இப்போது 1.9 ஹெர்ட்ஸாக, அரை விநாடிக்கு ஒரு துள்ளலாக மாறித் தெரியும். உண்மையான வெப்பநிலை நீங்கள் எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேகம் மாறாது.

ஒருமுறை ஏலியாஸ் ஆகி உள்ளே வந்துவிட்டதை மென்பொருளால் பிரித்தெடுக்க வழியில்லை. ஏடிசிக்கு முன்னால் ஆர்சி ஃபில்டர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்தது) போட வேண்டும், அல்லது மிக வேகமாக வாசித்துப் பிறகு சராசரி எடுக்க வேண்டும். சராசரி பற்றிக் கீழே வருகிறது.

கையைக் கேபிளுக்கு அருகே கொண்டுபோனாலே அளவு மாறுகிறது. ஏன்?

உங்கள் சர்க்யூட்டின் இம்பிடன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) அதிகம். உங்கள் உடலும் சுவரில் ஓடும் மின்கம்பியும் காற்றின் வழியே கேபிளோடு ஒரு குட்டி கெபாசிட்டராக இணைந்திருக்கின்றன. அது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கம்பிக்கும் உங்கள் சிக்னல் வயருக்கும் இடையே வெறும் 1 பிகோஃபாரட் இருந்தால் அதன் வழியே சுமார் 72 நானோஆம்பியர் பாயும். சென்சாரின் இம்பிடன்ஸ் 1 கிலோஓம் என்றால் அது 72 மைக்ரோவோல்ட். பெரும்பாலான வேலைகளில் கண்டுகொள்ள வேண்டாம். அதே மின்னோட்டம் 1 மெகாஓம் மேல் பாய்ந்தால் 72 மில்லிவோல்ட், எல்எம்35 கணக்கில் ஏழு டிகிரி.

பிஎச் எலக்ட்ரோடு போன்றவற்றில் நிலைமை இன்னும் மோசம். அதன் இம்பிடன்ஸ் நூறு மெகாஓம் அளவில் இருக்கும். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59 மில்லிவோல்ட்தான் தரும். அதை ஜம்பர் வயரில் இழுத்துப் பிரெட்போர்டில் குத்தினால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. ஷீல்டு உள்ள கோஆக்சியல் கேபிள், எலக்ட்ரோடுக்கு அருகிலேயே மிக உயர் இன்புட் இம்பிடன்ஸ் கொண்ட ஒரு பஃபர் ஆம்ப்ளிஃபையர், ஈரமும் ஃபிளக்ஸும் இல்லாமல் துடைத்த போர்டு, இவை இல்லாமல் அங்கே வேலை நடக்காது.

பொதுவான விதி: இம்பிடன்ஸைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுங்கள், அப்புறம் கேபிளை நீட்டுங்கள். தூரம் அதிகமென்றால் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் லூப்புக்கு மாறிவிடுவதே நல்லது. தொழிற்சாலைகள் இன்றும் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: கேபிளின் மின்தடை சிக்னலைத் தின்னாது, மறுமுனையில் 250 ஓம் வைத்தால் 1–5 வோல்ட் கிடைத்துவிடும், வயர் அறுந்தால் சுழியம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஷீல்டை எந்த முனையில் கிரவுண்ட் செய்ய வேண்டும்? ஒரு முனையா, இரண்டு முனையா?

வெப்பநிலை, எடை, அழுத்தம் போன்ற மெதுவான சிக்னல்களுக்கு ஒரு முனை போதும். இரண்டு முனையிலும் இணைத்து, அந்த இரண்டு இடங்களின் கிரவுண்டுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் ஷீல்டிலேயே மின்னோட்டம் ஓடத் தொடங்கும். எந்த முனை என்பதற்குப் பொதுவான பதில்: சிக்னலின் கிரவுண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே. சென்சார் எந்தக் கிரவுண்டோடும் இணையாமல் மிதந்துகொண்டிருந்தால் அளக்கும் பக்கத்தில்.

ரேடியோ அலைவரிசை இரைச்சலுக்கு இந்த விதி செல்லாது. அங்கே ஒரு முனையில் விட்ட ஷீல்டு ஆன்டெனா ஆகிவிடும். இரண்டு முனையிலும் இணைக்க வேண்டும். இரண்டு வகைத் தொல்லையும் இருந்தால் ஒரு முனையை நேராகவும் மறுமுனையை 10 நானோஃபாரட் அளவிலான ஒரு கெபாசிட்டர் வழியாகவும் இணைப்பது வழக்கம்.

சாதாரணச் செம்பு ஷீல்டு மின்கம்பி அலைவரிசையில் காந்தப்புலத்தைத் தடுக்காது. 100 சதுர சென்டிமீட்டர் வளையத்தில் 1 மைக்ரோடெஸ்லா, 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் ஊடுருவினால் சுமார் 3 மைக்ரோவோல்ட் பிறக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அருகே இதைவிட அதிகம். இதற்கு ஷீல்டு மருந்தல்ல; போகும் வயரையும் வரும் வயரையும் முறுக்கிவிடுவதுதான் மருந்து. வளையம் சுருங்கும், அடுத்தடுத்த முறுக்குகளில் பிறப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காசில்லாத வேலை.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் வெப்பநிலை கூடுகிறது. மோட்டார் சூடாகிறதா?

அதே நொடியில் கூடுகிறதா என்று பாருங்கள். சூடு ஏற நேரம் பிடிக்கும். மோட்டார் ஆன் ஆன கணத்திலேயே 28 என்பது 30 ஆகிவிட்டால் காரணம் கிரவுண்ட் வயர்.

0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.034 ஓம். மோட்டாரும் சென்சாரும் அந்த ஒரே வயர் வழியாகத்தான் கிரவுண்டுக்குத் திரும்புகின்றன என்றால், மோட்டார் இழுக்கும் 500 மில்லிஆம்பியர் அதில் 17 மில்லிவோல்ட் விழச் செய்யும். சென்சார் தன் கிரவுண்ட் என்று நினைக்கும் இடம் ஏடிசியின் கிரவுண்டைவிட 17 மில்லிவோல்ட் உயர்ந்துவிட்டது. சென்சார் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏடிசி படிப்பது 1.7 டிகிரி கூடுதலாக இருக்கும். பிரெட்போர்டின் தளர்ந்த கிளிப்புகளும் நடுவில் இருந்தால் அந்த 0.034 ஓம் பல மடங்காகிவிடும்.

இதை நிரூபிக்க மல்டிமீட்டரே போதும். மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையைச் சென்சாரின் கிரவுண்ட் காலிலும் மறுமுனையை மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்ட் பின்னிலும் வையுங்கள். மோட்டாரை ஆன், ஆஃப் செய்யுங்கள். ‘இரண்டும் கிரவுண்டுதானே’ என்று நினைத்த இடத்தில் மீட்டர் எண் காட்டும்.

தீர்வு வயரிங்கில்தான் இருக்கிறது. மோட்டாரின் திரும்பு வயர் நேராகப் பவர் சப்ளைக்குப் போகட்டும். சென்சாரின் திரும்பு வயர் தனியாக ஏடிசியின் கிரவுண்டுக்குப் போகட்டும். இரண்டும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்கட்டும். வயரிங்கை மாற்ற முடியாத இடத்தில் டிஃபரன்ஷியல் இன்புட் உள்ள ஏடிசியோ இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையரோ வைத்து, சென்சாரின் கிரவுண்டையும் தனி வயரில் கொண்டுவந்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துவிடலாம்.

ரிலே அடிக்கும்போதெல்லாம் ஒரு கூர்முனை வருகிறது. சில சமயம் போர்டே ரீசெட் ஆகிறது.

ரிலேயில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று காயில்: ஆஃப் ஆகும்போது எதிர் வோல்ட்டேஜ் எகிறும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 போன்ற ஒரு டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். பெரும்பாலான ரிலே மாட்யூல்களில் இது ஏற்கெனவே இருக்கும். இரண்டாவது கான்டாக்ட்: பம்பு, மோட்டார் போன்ற காயில் உள்ள சுமையைத் துண்டிக்கும்போது அங்கே பொறி பறக்கும். அந்தப் பொறி ஒரு சின்ன ரேடியோ ஒலிபரப்பி. டயோடு போட்டும் தீரவில்லை என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பரை அங்கே போடுங்கள். மின்கம்பி வோல்ட்டேஜ் என்றால் அந்த கெபாசிட்டர் எக்ஸ்2 தரமுள்ளதாகத்தான் (மின்கம்பிக்குக் குறுக்கே போடத் தக்க பாதுகாப்புத் தரம்) இருக்க வேண்டும். சாதாரண கெபாசிட்டர் தீப்பிடிக்கக்கூடும்.

வேகக் கட்டுப்பாட்டு டிரைவில் ஓடும் மோட்டார்கள் தனி ரகம். அவற்றின் கேபிளோடு சென்சார் கேபிளை ஒரே குழாயில் ஓட்டாதீர்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும்.

லேப்டாப்பில் சார்ஜரை மாட்டினால் இரைச்சல், கழற்றினால் சுத்தம். சார்ஜர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஸ்விட்சிங் சார்ஜர்களில் மின்கம்பிப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையே ஒரு ஒய் வகை கெபாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில், வெளியீட்டின் கிரவுண்ட் அதன் வழியாக மின்கம்பி வோல்ட்டேஜின் பாதி அளவுக்குக் கூட மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அது யூஎஸ்பி வழியாக உங்கள் போர்டின் கிரவுண்டுக்கும், அங்கிருந்து சென்சாருக்கும் வந்துவிடும். அளக்கும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள். நிரந்தர ஏற்பாடு என்றால் யூஎஸ்பி ஐசொலேட்டர் (மின் தொடர்பைத் துண்டித்துத் தகவலை மட்டும் கடத்துவது) போடுங்கள்.

எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. எர்த் வயர் உயிரைக் காப்பதற்கு இருக்கிறது. சோதனைக்காகக் கூடக் கழற்ற வேண்டாம். எர்த் வழியே லூப் இருக்கிறது என்று சந்தேகமிருந்தால் சிக்னல் பக்கத்தில் உடையுங்கள்: ஐசொலேட்டர், டிஃபரன்ஷியல் இன்புட், அல்லது பேட்டரி.

கெபாசிட்டர் எத்தனை, எங்கே?

கடைசியில் எல்லோரும் கேட்க வந்த கேள்வி. ஒவ்வொரு ஐசியின் பவர் பின்னுக்கும் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று. போர்டுக்கு 10 மைக்ரோஃபாரட் ஒன்றிரண்டு. இதைப் பற்றி விவாதிக்க எதுவுமில்லை, போட்டுவிடுங்கள். கால்களை நீளமாக விட்டால் போட்டதன் பலனில் பாதி போய்விடும்.

சிக்னல் பாதையில் போடுவதற்குத்தான் கணக்கு வேண்டும். 10 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் கட்ஆஃப் (ஃபில்டர் அடக்கத் தொடங்கும் அலைவரிசை) 16 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸை அது மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைக்கும், போதாது. 100 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் என்றால் 1.6 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் முப்பதில் ஒரு பங்காகிவிடும், ஆனால் அளவு மாறினால் முழுதாகப் பிடிக்க அரை விநாடி ஆகும். வெப்பநிலைக்கு அது பெரிய விஷயமில்லை, அதிர்வு சென்சாருக்கு உதவாது. ரெசிஸ்டரை மேலும் மேலும் கூட்டவும் முடியாது: ஏடிசி பின்னில் 100 நானோஆம்பியர் கசிந்தாலே 100 கிலோஓமில் 10 மில்லிவோல்ட் பிழை. கெபாசிட்டர் ஏடிசி பின்னுக்கு ஒட்டியே இருக்கட்டும்.

எல்எம்35-இன் வெளியீட்டில் நேராக கெபாசிட்டர் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூடுதல் ஏற்பாடு இல்லாமல் அதனால் தாங்க முடிவது 50 பிகோஃபாரட் மட்டுமே. ஷீல்டு கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருக்கும், ஆக அரை மீட்டர் கேபிளிலேயே அது எல்லைக்கு வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் சென்சார் தானே ஆசிலேட் ஆகத் தொடங்கி, சில டிகிரி தள்ளிக் காட்டும். தொட்டால் எண் மாறும். இரைச்சலைக் குறைக்கப் போட்ட கெபாசிட்டரே இரைச்சலை உண்டாக்குகிறது. சென்சார் பக்கத்தில் தொடராக 2 கிலோஓம் போடுங்கள், அல்லது வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 75 ஓமும் 1 மைக்ரோஃபாரடும் தொடராகப் போடுங்கள். தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டே சொல்லும் வழிகள் இவை.

மென்பொருளில் சராசரி எடுத்தால் போதாதா?

இரைச்சலின் குணத்தைப் பொறுத்தது. ஒழுங்கில்லாத இரைச்சல் என்றால் 16 வாசிப்பின் சராசரி அதை நான்கில் ஒன்றாக்கும், 100 வாசிப்பு பத்தில் ஒன்றாக்கும். 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனை வாசிப்பு என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம்: சரியாக 20 மில்லிவிநாடிக்குச் சம இடைவெளியில் எடுத்தால் அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் அழிந்து சுழியமாகும். 60 ஹெர்ட்ஸுக்கு 16.67. இரண்டுக்கும் சேர்த்து 100 மில்லிவிநாடி. அதில் முன்னது ஐந்து சுற்று, பின்னது ஆறு சுற்று. 27 மில்லிவிநாடிக்கு எடுத்த சராசரி, வாசிப்பு அதிகமாக இருந்தும் இதைவிட மோசமாக இருக்கும்.

கூர்முனைகளுக்குச் சராசரி தவறான மருந்து. ஒரு பெரிய முனை பத்து வாசிப்பிலும் கறை பூசிவிடும். ஐந்து வாசிப்பை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள்.

கிரவுண்ட் பிழைக்கு மென்பொருளில் எந்த மருந்தும் இல்லை. 1.7 டிகிரி தள்ளிய எண்ணின் சராசரியும் 1.7 டிகிரி தள்ளித்தான் இருக்கும், முன்பைவிட நம்பும்படியாக.

எடை அளக்கும் எச்எக்ஸ்711 ஏடிசி சிப்பை 24 பிட் என்கிறார்கள். கடைசி எண்கள் ஏன் ஆடிக்கொண்டே இருக்கின்றன?

24 பிட்டும் பயனுள்ளவை என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் 10 கிலோ லோட் செல்லுக்கு (எடை சென்சார்) 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட். ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். கெயின் (பெருக்கம்) 128-இல், நொடிக்கு 10 வாசிப்பில் இந்த சிப்பின் சொந்த இரைச்சல் சுமார் 50 நானோவோல்ட். அதாவது 0.05 கிராம், எண்ணிக்கையில் 20 படி. கடைசி நான்கைந்து பிட்டுகள் எப்போதும் ஆடத்தான் செய்யும். ஒரு கிராம் நின்றால் சர்க்யூட் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

ஐந்து பத்து கிராம் ஆடினால்தான் பிரச்சினை. முதலில் ரேட் பின்னைப் பாருங்கள்: நொடிக்கு 10 என்ற வேகத்தில்தான் அது 50, 60 ஹெர்ட்ஸ் இரண்டையும் அடக்கும், 80-க்கு மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பிறகு சிக்னல் வயர் ஜோடியை முறுக்குங்கள். மேலே பார்த்த 3 மைக்ரோவோல்ட் இங்கே மூன்று கிராம். மெதுவாக ஒரே பக்கம் நகர்ந்தால் அது இரைச்சல் அல்ல; வெப்ப மாற்றமும், லோட் செல்லின் க்ரீப்பும் (சுமை மாறாதபோதும் அளவு மெல்ல நகர்வது) காரணம்.

தெர்மோகப்பிளின் அளவு தறிகெட்டு ஓடுகிறது, அல்லது ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

கே வகைத் தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை சென்சார்) ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தரும், ஆகவே மேலே சொன்ன எல்லாமே இங்கே பெரிதாகத் தெரியும். ஆனால் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் வேறு. இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டுக்குள் போகும் நுண்ணிய மின்னோட்டம் எங்காவது திரும்பிப் போக வேண்டும். எதனோடும் தொடாமல் மிதக்கும் தெர்மோகப்பிளில் அதற்கு வழியே இல்லை. ஒரு பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் முதல் 1 மெகாஓம் வரை ஏதாவது ஒன்றைப் போட்டால் உடனே சரியாகும்.

வைஃபை ஆன் செய்ததும், மொபைல் பக்கத்தில் வந்ததும் எண் குதிக்கிறது.

இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரில் வைஃபை அனுப்பும்போது சிப் சில நூறு மில்லிஆம்பியர் அளவுக்குத் துடிப்பாக இழுக்கும். அந்த நேரத்தில் சப்ளை ஆடும். வாசித்து முடித்துவிட்டு வைஃபையை எழுப்புவதே எளிய தீர்வு. வைஃபை ஓடும்போது அதன் இரண்டாவது ஏடிசியான ஏடிசி2-இன் பின்களை நம்ப முடியாது என்பதையும் நினைவில் வைத்து, சென்சாரை ஏடிசி1-க்கு மாற்றுங்கள். பின்னில் 100 நானோஃபாரட் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

மொபைல் விஷயம் வேறு. ரேடியோ அலையை ஆம்ப்ளிஃபையரின் இன்புட் ரெக்டிஃபை செய்து மெதுவான வோல்ட்டேஜாக்கிவிடும். ஜிஎஸ்எம் போன் 217 ஹெர்ட்ஸ் துடிப்பில் அனுப்புவதால் பழைய ஸ்பீக்கர்களில் கேட்ட அதே டர்ர் உங்கள் வரைபடத்தில் வரும். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஃபில்டர் போட்டுப் பயனில்லை. இன்புட் காலிலேயே சிறிய ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வேண்டும்.

போர்டைத் தட்டினால் அளவு துள்ளுகிறது.

உலர்ந்த சோல்டர், தளர்ந்த கனெக்டர், பிரெட்போர்டு: இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் சிக்னல் பாதையில் உள்ள எக்ஸ்7ஆர் செராமிக் கெபாசிட்டர். அதற்குப் பீசோ குணம் உண்டு, தட்டினால் வோல்ட்டேஜ் தரும். ஃபிலிம் கெபாசிட்டரோ சி0ஜி வகையோ மாற்றுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று. இன்னும் எவ்வளவு குறைக்கலாம்?

ரெசிஸ்டருக்கே சொந்த இரைச்சல் உண்டு. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928-இல் இருவரும் வெளியிட்டது அது. அறை வெப்பநிலையில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் 10 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் (பேண்ட்விட்த்) சுமார் 13 மைக்ரோவோல்ட் தரும். அதே அகலத்தை 10 ஹெர்ட்ஸாகக் குறைத்து 10 கிலோஓமுக்கு இறங்கினால் 40 நானோவோல்ட். உங்கள் சர்க்யூட்டுக்கு இந்த எண்ணைக் கணக்கிட்டு, அளந்த திட்ட விலக்கத்தோடு ஒப்பிடுங்கள். அளந்தது இதைப் போல் நூறு மடங்கு இருந்தால் இன்னும் ஏதோ ஒரு வயர் பாக்கி இருக்கிறது. இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டால் வயரிங்கில் இனி தேட வேண்டியதில்லை. ரெசிஸ்டரைச் சிறிதாக்குங்கள், அல்லது பேண்ட்விட்த்தைக் குறைத்துக்கொண்டு அளவு வரக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருங்கள்.